கேட் முதலியார் காரியப்பரும் ஏழாண்டுத் தடையும்

இலங்கை முஸ்லிம்களின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுந்த எமது எழுத்தாளர்கள் பெரும்பாலும் தலைவர்களின் சேவைகளைத் தொகுப்பதிலேயே அக்கறை காட்டி வந்துள்ளனர். டீ. பீ. ஜாயா, சேர் ராசிக் பரீத், கலாநிதி பதியுதீன் மஹ்மூத் ஆகியோரைப் பற்றி நூல்களும் மலர்களும் வெளிவந்திருக்கின்றன. அது செய்ய வேண்டிய பணிதான். ஆனால் பதவியிலிருந்து வீழ்ந்தவர்களைப் பற்றி நாம் எழுதுவதில்லை. வீழ்ச்சியைச் சொன்னால் சமூகத்துக்கு இழுக்கு வந்துவிடும் என்று எண்ணுகிறோம். நாம் எழுதாமல் விட்டதை வேறு யாரோ எழுதி வைத்துவிடுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

கல்முனையின் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பருக்கு இதுவே நேர்ந்தது. அவர் பெயரை இன்றைய முஸ்லிம் மாணவர் பலர் அறியார். அதே பெயரைக் கொழும்பிலும் இலண்டனிலும் அரசியலமைப்புச் சட்டம் படிக்கும் மாணவர்கள் தேர்வுக்காக மனனம் செய்கிறார்கள். "காரியப்பர் எதிர் விஜேசிங்க" என்ற 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஒரு பாராளுமன்றம் தன் உறுப்பினரைப் பெயர் குறித்துச் சட்டம் இயற்றித் தள்ளிவைக்கலாமா என்ற கேள்விக்கு விடையாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இலஞ்சக் குற்றச்சாட்டினால் வீழ்ந்த ஒரு தமிழ் பேசும் முஸ்லிம் அரசியல்வாதியின் கதை, எமது ஊர்களில் பேசப்படாமல், சட்ட அறிக்கைகளில் மட்டும் உயிரோடிருக்கிறது.

கல்முனையும் முதலியார் பட்டமும்

காரியப்பரின் அரசியலைப் புரிந்துகொள்ள அவர் வந்த வழியை முதலில் நோக்க வேண்டும். பிரித்தானியர் காலத்தில் கிராமத்துக்கும் கச்சேரிக்கும் இடையில் நின்றவர்கள் தலைமைக்காரர்கள். எங்கள் மன்னாரில் முசலி, மாந்தைப் பக்கங்களில் அவர்களை அதிகார் என்றார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் வன்னியனார் என்றார்கள். அவர்களுக்குக் கீழே உடையாரும் விதானையும் இருந்தனர். வரி, காணி, வாய்க்கால் தண்ணீர், பிணக்குத் தீர்த்தல் எல்லாமே இவர்கள் கையால் நடந்தன. விசுவாசமாகச் சேவை செய்தவர்களுக்குத் தேசாதிபதி முதலியார், கேட் முதலியார் என்ற கௌரவப் பட்டங்களை வழங்கினார்.

கேட் முதலியார் என்ற பட்டத்தைத் தாங்கியவரிடம் மக்கள் மனு கொடுக்கப் போனார்கள். அவரிடம் கணக்குக் கேட்கப் போகவில்லை. காரியம் ஆகவேண்டுமானால் வெறுங்கையோடு போவது மரியாதையல்ல என்ற எண்ணமும் அக்காலத்தில் ஆழமாக இருந்தது. வாழைக்குலை, நெய், கோழி என்று வாசலில் வைக்கப்பட்டவை கையுறையா கையூட்டா என்று எவரும் பிரித்துப் பார்த்ததில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது இந்த மனப்பான்மை மறைந்துவிடவில்லை. தலைமைக்காரரின் முற்றத்தில் நின்ற மனுதாரர், எம்.பி.யின் வரவேற்பறைக்கு இடம் மாறினார். அவ்வளவுதான்.

1947இல் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961இல்தான். கடலோரத்தில் நெருக்கமாகக் குடியிருக்கும் மக்கள், அவர்களுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல், நடுவே பட்டிப்பளை ஆற்று நீர்: இதுதான் கல்முனையின் பொருளாதாரம். ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் காரியப்பர் அங்கு வெற்றி பெற்றார். 1949இல் டீ. எஸ். சேனாநாயக்க அரசாங்கம் கல்லோயாத் திட்டத்தைத் தொடங்கியது. யாருக்குக் காணி, யாருக்குத் தண்ணீர், யாருக்கு வேலை என்பவை அன்றைய கேள்விகள். அவற்றுக்கு விடை தேடிய விவசாயி எம்.பி.யின் வாசலுக்கே போனான்.

கட்சிகளுக்கு இடையில்

1952 தேர்தலில் காரியப்பர் ஏ. எம். மேர்சாவிடம் தோற்றார். 1956இல் மீண்டும் வந்தார்; இம்முறை இலங்கைத் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராக. "சிங்களம் மட்டும்" என்ற முழக்கம் நாடெங்கும் ஒலித்த ஆண்டு அது. தமிழ் பேசும் மக்கள் என்ற ஒரே குடையின் கீழ் முஸ்லிம்களும் நிற்கலாம் என்ற செல்வநாயகத்தின் அழைப்புக்குக் கிழக்கில் நல்ல வரவேற்பிருந்தது. தமிழரசுக் கட்சி பெற்ற 10 ஆசனங்களில் கல்முனையும் பொத்துவிலும் முஸ்லிம் உறுப்பினர்களுடையவை. பொத்துவிலில் வென்றவர் எம். எம். முஸ்தபா. அதே தேர்தலில்தான் எங்கள் மன்னாரும் தமிழரசுக் கட்சியின் வீ. ஏ. அழகக்கோனைத் தேர்ந்தெடுத்தது.

ஆயினும் கல்முனை உறுப்பினரும் பொத்துவில் உறுப்பினரும் பின்னர் கட்சியை விட்டு அரசாங்கப் பக்கம் சேர்ந்தனர். தமிழ் அரசியல் எழுத்தாளர்கள் இதைத் துரோகம் என்றார்கள். எமது பக்கத்தில், அரசாங்கத்தோடு நின்றால்தான் ஊருக்கு ஏதாவது கிடைக்கும் என்று நியாயம் சொன்னார்கள். சிதறி வாழும் ஒரு சிறுபான்மை, ஆட்சியோடு ஒட்டி நின்று பாதுகாப்புத் தேடியதை ஒரு தனி மனிதரின் பேராசையாக மட்டும் குறுக்கிவிட முடியாது. அதேவேளை, வாக்கு ஒரு கொள்கைக்காகக் கேட்கப்பட்டு, ஆசனம் வேறொன்றுக்காகப் பயன்படுத்தப்பட்டது என்பதையும் மறைக்க முடியாது. எம்.பி. பதவி பேரம் பேசத்தக்க பொருளாகிவிட்டால், அந்தப் பேரம் எங்கே நின்றுகொள்ளும் என்பதற்கு எல்லை கிடையாது.

ஆணைக்குழு

இலங்கை அரசியலில் இலஞ்சம் 1950களில் புதிதாகப் பிறந்ததன்று. அரசாங்க சபைக் காலத்திலேயே இது பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. எல். எம். டீ. டி சில்வா 1941 முதல் நடத்திய விசாரணையின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. சபை உறுப்பினர் சிலர் கையூட்டுப் பெற்றதாக அது கண்டது. இதே டி சில்வாதான் பின்னர் இலண்டனில் கோமறைக் கழகம் எனப்படும் பிரிவிக் கவுன்சிலில் நீதியரசராக அமர்ந்தவர்.

சுதந்திரத்தின் பின் 1954இல் இலஞ்சச் சட்டம் வந்தது. 1958இல் பண்டாரநாயக்க அரசாங்கம் அதைத் திருத்தி, இலஞ்ச வழக்குகளை விசாரிக்கத் தனியான நியாய சபைகளை ஏற்படுத்தியது. அப்போது சபாநாயகராக இருந்தவர் எங்கள் அயல் மாவட்டமான புத்தளத்தின் எச். எஸ். இஸ்மாயில். அந்தத் திருத்தம் மூன்றிலிரண்டு பெரும்பான்மைச் சான்றிதழ் இன்றிச் சாதாரணச் சட்டமாகவே நிறைவேறியது. இந்தச் சிறு விடயம் பின்னர் பெரிதாகியது. நீதித்துறைப் பதவிகளை நீதிச் சேவை ஆணைக்குழுவே நிரப்ப வேண்டும் என்பது அரசியலமைப்பு. நியாய சபை உறுப்பினர்களோ அமைச்சரின் ஆலோசனைப்படி நியமிக்கப்பட்டனர். "இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க" என்ற வழக்கில் 1964இல் கோமறைக் கழகம் அந்த நியாய சபையின் தீர்ப்பு செல்லாது என்றது. இலஞ்சத்தைப் பிடிக்க வந்த சபையே சட்டப்படி பிறக்கவில்லை என்று ஆயிற்று.

இதற்கிடையில் இன்னொரு பாதையிலும் விசாரணை நடந்தது. 1959 செப்டெம்பரில் மகாதேசாதிபதி, வோல்டர் தல்கொடபிட்டிய தலைமையில் ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். பாராளுமன்ற உறுப்பினர்களும் செனட்டர்களும் இலஞ்சம் பெற்றார்களா என்று ஆராய்வது அதன் பொறுப்பு. அதே மாதத்தில்தான் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். நாடு கொந்தளித்துக் கொண்டிருந்த அந்த மாதங்களில் ஆணைக்குழு சாட்சிகளைக் கேட்டது. 1960இல் அறிக்கை வந்தது. ஆறு பேர் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்பட்டதாக அது கூறியது.

அந்த அறுவரில் இருவர் முஸ்லிம்கள். ஒருவர் காரியப்பர். மற்றவர் சீ. ஏ. எஸ். மரிக்கார். கடுகண்ணாவைத் தொகுதியின் உறுப்பினர். 1956 பண்டாரநாயக்க அமைச்சரவையில் தபால் அமைச்சர். 1947இல் மன்னாரின் முதல் எம்.பி. சீ. சிற்றம்பலம் வகித்த அதே தபால் அமைச்சுத்தான். ஏனைய நால்வரும் சிங்கள உறுப்பினர்கள். இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணமுண்டு. எமது ஆள் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டால் அது சமூகத்தின் மீதான சதி என்போம். பிறர் அதையே சமூகத்தின் குணம் என்பார்கள். ஆறு பெயர்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இரண்டும் பொய்த்துவிடுகின்றன.

பெயர் சொல்லி ஒரு சட்டம்

ஆணைக்குழு என்பது நீதிமன்றமன்று. அது உண்மையைத் தேடி அறிக்கை கொடுக்கும். சிறைக்கு அனுப்பாது, தண்டமும் விதிக்காது. அறிக்கை வந்த பின் அடுத்தபடி என்ன என்று நாடு ஐந்து ஆண்டுகள் முடிவு செய்யாமலிருந்தது. வாக்காளர்களும் தம் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். 1960 மார்ச்சில் கல்முனை காரியப்பரைத் தேர்ந்தது. அதே ஆண்டு யூலையில் அவரைக் கைவிட்டுத் தமிழரசுக் கட்சியின் எம். சீ. அகமதுவைத் தேர்ந்தது. 1965 மார்ச்சில் மறுபடியும் காரியப்பரையே பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அறிக்கை வெளிவந்து சில ஆண்டுகளான பின் கிடைத்த வெற்றி அது. வாக்காளர் அறியாமல் வாக்களித்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

அந்தத் தேர்தலில் டட்லி சேனாநாயக்க தலைமையில் ஏழு கட்சிகளின் தேசிய அரசாங்கம் பதவியேற்றது. 1965 நவம்பரில் அது குடியியல் தகுதியீனங்களை விதிக்கும் விசேட ஏற்பாடுகள் சட்டத்தை, 1965ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றியது. ஆணைக்குழு குற்றங்கண்டவர்களின் பெயர்கள் அச்சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றன. ஏழாண்டுகளுக்கு அவர்கள் வாக்காளராகப் பதிய முடியாது, வாக்களிக்க முடியாது, பாராளுமன்றத்துக்கோ உள்ளூராட்சி சபைக்கோ போட்டியிட முடியாது, அரசாங்கச் சேவையிலும் அமர முடியாது. அவர்களுள் எவராவது அன்றைய நாளில் பாராளுமன்ற உறுப்பினராயிருந்தால் அவரது ஆசனம் வெறிதாகும்.

எட்டு மாதங்களுக்கு முன் மக்கள் கொடுத்த ஆசனம் இவ்வாறு போயிற்று. அறுபது வயதைக் கடந்த ஒரு மனிதருக்கு ஏழாண்டு என்பது அரசியல் வாழ்வு முழுவதையும் முடித்துவிடும் காலம். ரணசிங்க வழக்கில் பெற்ற பாடத்தை அரசாங்கம் மறக்கவில்லை. இம்முறை மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் சபாநாயகரின் சான்றிதழும் சட்டத்தில் இருந்தன.

இலண்டன் வரை சென்ற வழக்கு

காரியப்பர் அடங்கியிருக்கவில்லை. தன்னைத் தொடர்ந்து உறுப்பினராக ஏற்கவும், உறுப்பினருக்குரிய கொடுப்பனவைத் தரவும் பிரதிநிதிகள் சபையின் எழுதுவினைஞர் நாயகமாக இருந்த எஸ். எஸ். விஜேசிங்கவுக்கு ஆணையிடுமாறு உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். வழக்குக்கு "காரியப்பர் எதிர் விஜேசிங்க" என்று பெயர் வந்தது இவ்வாறுதான். சம்பளக் கணக்கில் தொடங்கிய வழக்கு, ஒரு நாட்டின் அதிகாரங்கள் எங்கே பிரிகின்றன என்ற கேள்வியாக வளர்ந்தது.

அவர் தரப்பு வாதத்தின் சாரம் எளிமையானது. குற்றவாளி என்று தீர்மானிப்பதும் தண்டனை விதிப்பதும் நீதிமன்றத்தின் வேலை. பாராளுமன்றம் ஒருவரின் பெயரை எழுதி அவருக்குத் தண்டனை விதித்தால், அது நீதித்துறையின் அதிகாரத்தைப் பறித்ததாகும்.

இந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கும் ஒரு தீர்ப்பு 1965 டிசம்பரில் இலண்டனிலிருந்து வந்தது. 1962 ஜனவரியில் நடந்த சதிப்புரட்சி முயற்சியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக அரசாங்கம் பின்நோக்கிச் செல்லும் விசேட சட்டமொன்றை இயற்றியிருந்தது. லியனகே வழக்கு என்று அறியப்படும் அந்த மேன்முறையீட்டில், குறித்த சிலரைத் தண்டிப்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டம் நீதித்துறை அதிகாரத்தில் தலையிடுகிறது என்று கூறி, 11 பேரின் தண்டனையையும் கோமறைக் கழகம் நீக்கியது. காரியப்பரின் ஆசனத்தைப் பறித்த சட்டம் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

ஆனால் உயர் நீதிமன்றம் காரியப்பரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மேன்முறையீட்டில் 1967இல் கோமறைக் கழகமும் அவ்வாறே தீர்த்தது. லியனகே வழக்கையும் இதையும் அது வேறுபடுத்திப் பார்த்தது. இங்கே பாராளுமன்றம் தானாக ஒருவரைக் குற்றவாளியாகத் தீர்மானிக்கவில்லை. ஏற்கனவே ஓர் ஆணைக்குழு கண்டறிந்ததை ஏற்றுக்கொண்டது. விதிக்கப்பட்ட தடைகள் சிறையையோ தண்டத்தையோ போன்றவையல்ல. பொது வாழ்வைத் தூய்மையாக வைத்திருப்பதே அவற்றின் நோக்கம். ஆசனம் எவ்வெவ்வாறு வெறிதாகும் என்று அரசியலமைப்பு சொன்னதற்கு இச்சட்டம் முரண்பட்டாலும், மூன்றிலிரண்டு பெரும்பான்மை இருந்தபடியால் அதுவே அரசியலமைப்புத் திருத்தமாகிவிடுகிறது. இவ்வாறு மேன்முறையீடு தோற்றது. அதனோடு கேட் முதலியாரின் அரசியலும் முடிந்தது. 1970 பொதுத்தேர்தலில் கல்முனை எம். சீ. அகமதுவைத் தேர்ந்தெடுத்தது.

தீர்ப்பைப் படிப்பவர் மனத்தில் ஒரு நெருடல் எழாமல் போகாது. வாக்குரிமையைப் பறிப்பது தண்டனையன்று என்று சட்டம் சொல்லலாம். வாக்களிப்பு நிலையத்துக்கு ஊரே போகும்போது வீட்டில் அமர்ந்திருக்க வேண்டியவருக்கு அது என்னவாகத் தோன்றியிருக்கும்? இலஞ்சம் வாங்கியது உண்மையானால் ஏழாண்டுத் தடை மிகச் சிறிய தண்டனை. உண்மையில்லையானால் அது மிகப் பெரிய அநீதி. இரண்டில் எது என்பதைக் குற்றவியல் நீதிமன்றமொன்று சாட்சிகளை வைத்துத் தீர்த்திருந்தால் வரலாறு தெளிவாக இருந்திருக்கும்.

நான் அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், கல்முனைப் பக்கத்து முதியவர்கள் சிலர் கேட் முதலியாரைப் பற்றிக் கதைக்கக் கேட்டிருக்கிறேன். ஒருவர் "அந்தாள் ஊருக்குச் செய்தது எவ்வளவு தெரியுமா" என்பார். மற்றவர் "செய்யாமலா வாங்கினார்" என்பார். நீதிமன்றம் விட்டுவிட்ட இடத்தை இந்த இரண்டு வசனங்களும் நிரப்பிக்கொண்டன. அரை நூற்றாண்டு கழிந்தும் வழக்கு தேநீர்க் கடையில் நடந்துகொண்டேயிருந்தது.

சீமெந்தும் முதலமைச்சரும்

நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. தலைமன்னாருக்கு அக்கரையிலுள்ள இந்தியாவில் நடந்த ஒரு வழக்கு இதற்குச் சான்று.

மகாராஷ்டிர மாநிலத்தின் முதல் முஸ்லிம் முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே. 1980 ஜூனில் பதவியேற்றார். வறியோருக்கும் ஆதரவற்றோருக்கும் மாதக் கொடுப்பனவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியவர். அக்காலத்தில் இந்தியாவில் சீமெந்து அரசின் கட்டுப்பாட்டிலிருந்தது. கட்டட முதலாளிகளுக்கு ஒதுக்கீடு கிடைத்தால் கொள்ளை இலாபம். மீள்குடியேறி வீடு கட்டிய எங்கள் ஊர் மக்களுக்குச் சீமெந்து மூட்டையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. பம்பாயின் கட்டட முதலாளிகள் முதலமைச்சர் ஆரம்பித்த அறக்கட்டளைகளுக்கு நன்கொடை கொடுத்தார்கள்; அவர்களுக்குச் சீமெந்து கிடைத்தது. அவற்றுள் ஓர் அறக்கட்டளைக்கு இந்திரா காந்தியின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உதவுவது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. 1981 ஆகஸ்ட் இறுதியில் பத்திரிகையாளர் அருண் ஷோரி இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் இதை அம்பலப்படுத்தினார். 1982 ஜனவரி 12இல் பம்பாய் ஹைகோர்ட் நீதியரசர் லென்ரின், நன்கொடைக்கும் சீமெந்து ஒதுக்கீட்டுக்கும் தொடர்பிருந்தது என்று தீர்த்தார். அன்றே அந்துலே இராஜினாமாக் கடிதம் கொடுத்தார்.

வீழ்ச்சி ஒரே நாளில் நடந்தது. குற்றவியல் வழக்கோ நடந்துகொண்டேயிருந்தது. சட்டசபை உறுப்பினரை விசாரிக்க அனுமதி தேவையா, எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்ற கேள்விகள் சுப்ரீம் கோர்ட் வரை மீண்டும் மீண்டும் போயின. 1984இல் ஐந்து நீதியரசர்கள் இட்ட கட்டளையை 1988இல் ஏழு நீதியரசர் அமர்வு பெரும்பான்மையாகத் தவறென்றது. கடைசியில் எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. அவர் 1995இல் மத்திய சுகாதார அமைச்சராகவும் 2006இல் சிறுபான்மையினர் விவகார அமைச்சராகவும் திரும்பி வந்தார். 2014இல் காலமானார்.

கல்முனையில் தீர்ப்பின்றித் தண்டனை. பம்பாயில் வழக்கிருந்தும் முடிவில்லை. முன்னது நீதியைக் குறுக்கு வழியில் தேடியது. பின்னது வழியிலேயே நீதியைத் தொலைத்தது. இரண்டிலும் இழந்தவர்கள் பொதுமக்களே.

அதே ஆயுதம் வேறு கையில்

காரியப்பர் வீழ்ந்தபோது அதைப் பெரிய விடயமாக எண்ணாதவர்கள் 15 ஆண்டுகளின் பின் விழித்துக்கொண்டார்கள். 1978இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் விசேட ஜனாதிபதி ஆணைக்குழுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆணைக்குழு அதிகாரத் துஷ்பிரயோகம் கண்டதாக அறிக்கையிட்டதைத் தொடர்ந்து, 1980 ஒக்டோபர் 16இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. பாராளுமன்றத்திலிருந்தும் அவர் வெளியேற்றப்பட்டார். பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவுக்கும் அதே தடை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் எதிர்க்கட்சியின் முதன்மை வேட்பாளராக வந்திருக்க வேண்டியவர் போட்டியிட முடியவில்லை. 1986 ஜனவரியில்தான் அவர் உரிமை மீண்டது.

அதே ஆணைக்குழு முறை, அதே மூன்றிலிரண்டு, அதே ஏழாண்டு. கல்முனையின் ஒரு முதலியாருக்கு எதிராகப் பயன்பட்ட ஆயுதம் நாட்டின் முன்னாள் பிரதமர் மீதே பாய்ந்தது. ஒரு முறையைப் பிடிக்காத ஒருவர்மீது பிரயோகிக்கும்போது நாம் கைதட்டினால், அது நாம் விரும்பும் ஒருவர்மீது பாயும்போது முறையிடும் உரிமையை இழந்துவிடுகிறோம்.

எமக்குரிய கேள்வி

1994இல் இலஞ்ச, ஊழல் ஆணைக்குழு சட்டரீதியாக அமைந்தது. 2023இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தது. 2025 மேயில் கொழும்பு மேல் நீதிமன்றம், 2015 ஜனாதிபதித் தேர்தலை ஒட்டி 14,000 கரம் பலகைகளையும் 11,000 தாம் பலகைகளையும் சதொச ஊடாகக் கொள்வனவு செய்த விவகாரத்தில் முன்னாள் அமைச்சர் மகிந்தானந்த அளுத்கமகேக்கு 20 ஆண்டுகளும், முன்னாள் சதொசத் தலைவரும் பின்னாள் அமைச்சருமான நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டுகளும் கடூழியச் சிறை விதித்தது. பத்து ஆண்டுகள் சென்றன. ஆயினும் குற்றப்பத்திரம் இருந்தது, சாட்சி இருந்தது, எதிர்த்துக் கேட்க வாய்ப்பிருந்தது, மேன்முறையீடு செய்யும் உரிமையும் இருந்தது. காரியப்பருக்கும் மரிக்காருக்கும் கிடைத்திருக்க வேண்டிய விசாரணை இதுவே. அவர்களிடம் கணக்குக் கேட்டிருக்க வேண்டிய மக்களுக்கும் கிடைத்திருக்க வேண்டியது இதுவே.

பத்தாம் வகுப்பில் குடியியற் கல்வி படிப்பிக்கும்போது இந்த வழக்கைச் சொல்வதுண்டு. "அப்ப அவர் கள்ளனா, சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆணைக்குழு குற்றம் கண்டது, நீதிமன்றம் அதை விசாரிக்கவில்லை, மக்கள் அதற்குப் பின்னும் வாக்களித்தார்கள் என்று மூன்றையும் பலகையில் எழுதிவைப்பேன். ஒரே சொல்லில் விடை வேண்டும் பிள்ளைக்கு அது திருப்தி தராது. ஆனால் வரலாற்றுப் பாடத்தில் ஒரே சொல் விடை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வசதிக்காகச் சொல்லப்பட்டது என்பதைப் பிள்ளைகள் இந்த வயதிலேயே அறிவது நல்லது.

மூன்றாவது வரியே எம்மைச் சுடுவது. 1965இல் கல்முனை வாக்காளர் அறிக்கையைப் பொருட்படுத்தாததற்கு அவர்களிடம் ஒரு நியாயம் இருந்திருக்கும். கொழும்பில் எழுதப்பட்ட அறிக்கையை விட, தம் வயலுக்குத் தண்ணீர் வாங்கித் தந்தவரை நம்புவது இயல்பு. ஆனால் அந்த நியாயம் இன்றும் எங்கள் கரையில் உலவுகிறது. 1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பங்கிட்ட அரிசியை உண்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். நிவாரண மூட்டையில் குறைந்த ஒரு கிலோ யாருடைய பானையில் குறைந்தது என்பது எங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் தேர்தல் வந்தால் "தின்றாலும் எங்கட ஆள்தானே" என்ற பேச்சைக் கேட்கிறோம். தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா என்று பழமொழியும் சொல்லிக்கொள்கிறோம். புறங்கையில் ஒட்டிய துளிக்குச் சொன்ன பழமொழியை, குடத்தோடு கொண்டுபோகிறவனுக்கும் சொல்கிறோம்.

பொதுப் பணம் அமானிதம். அதைக் கையாள்பவர் எங்கள் இனத்தவரா, எங்கள் மார்க்கத்தவரா என்று பார்த்து அதன் கணக்கு மாறுவதில்லை. தன் ஆளிடம் கணக்குக் கேட்கத் தவறும் சமூகம், அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலையை அவருடைய எதிரிகளிடம் ஒப்படைக்கிறது. எதிரி கேட்கும்போது அவர் நீதியைத் தேடுவதில்லை, ஆசனத்தைத் தேடுகிறார். காரியப்பரின் வீழ்ச்சியில் கல்முனை மக்கள் அன்று கண்டது அதைத்தான். அதனாலேயே அவர்கள் அந்த வீழ்ச்சியை நீதி என்று ஏற்கவில்லை.

கேட் முதலியாரைப் புகழ்ந்து ஒரு மலர் வெளியிடுவதாலோ, தூற்றி ஒரு துண்டுப் பிரசுரம் எழுதுவதாலோ இந்தக் கணக்கு முடியாது. தல்கொடபிட்டிய அறிக்கையும் 1967 தீர்ப்பும் தமிழில் வரவேண்டும். கல்முனையின் மூத்தவர்களிடம் எஞ்சியுள்ள நினைவுகள், அவர்கள் இருக்கும்போதே பதிவாக வேண்டும். அவர் பெற்றுத் தந்தவையும் அவர் மீது சொல்லப்பட்டவையும் ஒரே நூலில் அருகருகே அச்சாக வேண்டும். தன் தலைவரின் வரவையும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதப் பழகிய சமூகத்தை எந்த ஆணைக்குழுவும் எளிதில் ஏமாற்றாது, எந்த எம்.பி.யும்தான்.